காற்புள்ளியை நீக்கு

காரைக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் கணினி வேலை எனக்கு. கருவிகள் தரும் எண்களை வாங்கி, ரிப்போர்ட்டாக அச்சடிக்கும் நிரலை எழுதியவள் நான்தான். தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை 2,45,000 என்று வந்தால், நடுவிலுள்ள காற்புள்ளிகளைத் தூக்கினால்தான் கணினி அதை எண்ணாக ஏற்கும். அதற்காக ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன்: காற்புள்ளி எங்கே வந்தாலும் நீக்கு. இரண்டு வருடமாக ஒரு குறையும் சொல்லாமல் ஓடிய வரி. அதன்மேல் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு டெக்னீஷியன் அண்ணன் ஒரு தாளோடு வந்தார். முதல்நாள் மதியம்தான் தைராய்டு கருவியைப் பழுதுபார்த்திருந்தார்கள். பழுதுபார்த்த மறுநாள் தன் ரத்தத்தையே போட்டுப் பார்ப்பது அவர் வழக்கம்.

“இங்குட்டு வாங்களேன். எனக்கு எப்பவும் ரெண்டு புள்ளி ஒண்ணுதான் இருக்கும். இருபத்தொண்ணுன்னு அடிச்சிருக்கு.”

கருவியின் திரையைப் போய்ப் பார்த்தேன். 2,1 என்று இருந்தது. பழுதுபார்த்தவர் அமைப்புகளையெல்லாம் பழையபடி, அதாவது கருவி செய்த நாட்டு வழக்கப்படி, மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். அங்கே தசமப் புள்ளி வைக்கும் இடத்தில் காற்புள்ளி வைப்பார்களாம். என் அருமை வரி அதைத் துடைத்துவிட்டு, இரண்டு இலக்கங்களையும் ஒட்டிவிட்டது. இருநூறு என்றோ முந்நூறு என்றோ வந்திருந்தால் யாராவது சிரித்திருப்பார்கள். இருபத்தொன்று நம்பும்படி இருக்கிறது, யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

பதிவேட்டைப் புரட்டினேன். பழுதுபார்த்தபின் அந்தக் கருவியில் அண்ணனுடையதைத் தவிர போனது ஒரே ஒரு ரத்தம். மானகிரிக்காரம்மா, வயது அறுபத்திரண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். உண்மையில் 4,2, அதாவது 4.2, சரியான அளவுதான். நான் கொடுத்த ரிப்போர்ட்டில் 42, பக்கத்திலேயே தடித்த எழுத்தில் ‘மிக அதிகம்’. அந்தத் தடித்த எழுத்தும் என் ஏற்பாடுதான். சனிக்கிழமை சாயங்காலமே டாக்டரிடம் காட்டி, காலையில் வெறும் வயிற்றில் போட மாத்திரை வாங்கிப் போனதாகப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் சொன்னார். தைராய்டு சரியாக இருப்பவர் அந்த மாத்திரையைப் போட்டால் நெஞ்சு படபடக்கும். ஸ்டென்ட் வைத்த நெஞ்சு.

“ஒரு மாத்திரையில ஒண்ணும் ஆயிராது, பதறாதீக,” என்றார் அண்ணன். இவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. டாக்டரின் போனை யாரும் எடுக்கவில்லை. பதிவேட்டில் இருந்தது அந்த அம்மாவின் மகனுடைய சிங்கப்பூர் எண். நாலு முறை அடித்தேன். அணைத்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறார் போல என்று அவரையும் மனதுக்குள் திட்டினேன்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மானகிரிக்குப் போனேன். வழியெல்லாம் அந்த அம்மா தரையில் விழுந்து கிடப்பதாகவே கண்ணில் தெரிந்தது. வீடு பூட்டியிருந்தது.

“பூசைக்குப் போயிருக்காக,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மாதா கோயில் வாசலில் நின்றேன். உள்ளே பாட்டு முடிகிறது, பிரசங்கம் தொடங்குகிறது, முடிகிற பாடாக இல்லை. இரண்டாவது வரிசையில் அவர் முக்காடு தெரிந்தது. அது அசைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுப்பூசையில் போய்க் கூப்பிடவும் துணிவில்லை, சும்மா நிற்கவும் முடியவில்லை.

அவர் வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டேன். “அம்மா, காலையில மாத்திரை போட்டுட்டீகளா?”

“இல்லத்தா. பூசையில சாமியார் கையால நன்மை அப்பம் வாங்குற வரைக்கும் நான் பச்சைத்தண்ணிகூடப் பல்லுல படவிட மாட்டேன். மருந்து சாப்பிடலாம்னு சாமியாரே சொல்லுவாரு, எனக்குத்தான் மனசு வராது. இப்பப் போயித்தான் போடணும்.”

அழுதுவிட்டேன். அழுதுகொண்டேதான் நடந்ததைச் சொன்னேன். ஒரு காற்புள்ளி என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து என் கையில் வைத்தார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. பிறகு படியில் மெல்ல உட்கார்ந்தார்.

“நேத்துல இருந்து கையும் காலும் ஓஞ்சுபோயித்தான் கிடந்தேன். இது வேற வந்துருச்சே, இனி தாங்காதுன்னு நெனச்சுட்டேன். மகனுக்குப் போன் போட்டு, பீரோ சாவி இன்ன இடத்துல இருக்குன்னு சொல்லிட்டேன். அவன் பயந்து போயி லீவு சொல்லிட்டுக் கெளம்பிட்டான். இப்ப ஏரோப்ளேன்லதான் வந்துக்கிட்டு இருக்கான்.”

அணைத்து வைத்த போன். நான் தூங்குமூஞ்சி என்று திட்டிய மனிதர்.

திருச்சியில் இறங்கி அவர் போனைத் திறந்ததும் வந்த முதல் அழைப்பு என்னுடையது. சொல்லவேண்டியதை ஒளிக்காமல் சொன்னேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

“அப்ப அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையா?” என்று மட்டும் கேட்டார். திரும்பவும் அதையே கேட்டார். மூன்றாம் முறை கேட்கும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.