2011-ஐ ஊருக்கு அறிவித்தவன்

ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு செய்கிற தொழிலில் தொண்டை கெடுவதற்கு முன்னால் பேர் கெட்டுவிடும். உங்கள் மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்த பாவி யார் என்று தேடிக்கொண்டிருந்தால், தேட வேண்டாம், அது நான்தான். கடலூரிலிருந்து சிதம்பரம், அதைத் தாண்டி காட்டுமன்னார்கோயில் வரைக்கும் என் குரல் போகாத தெரு கிடையாது. மஞ்சக்குப்பத்தில் நான் தும்மினால் பாண்டிச்சேரியில் யாராவது ‘நூறு’ என்பார்கள். வாயை வைத்துப் பிழைக்கிற வாத்தியார்கள், வக்கீல்கள், இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள், கல்யாணத் தரகர்கள் எல்லாரும் என் ஜாதிதான். நாம் சொல்வதை எவனும் நம்புவதில்லை என்கிற கஷ்டம் உங்களுக்கும் தெரியும்.

2011-ல் நாட்டில் எது நடந்தாலும் அது என் வாய் வழியாகத்தான் நடந்தது. தேர்தல், கிரிக்கெட் கோப்பை, ஆடித் தள்ளுபடி, கடைசியில் புயல். அந்தப் புயலின்போது ஒரு குப்பத்து ஜனங்கள் என் பேச்சை நம்பியே தீர வேண்டியிருந்தது. நம்பாவிட்டால் என் வீட்டுக்காரியின் தம்பி, என் மச்சான் பக்கிரி, பெண்டாட்டி பிள்ளைகளோடு அலையில் போகவேண்டியதுதான். அதுவரைக்கும் என் பேச்சுக்கு நான் என்ன மரியாதை சேர்த்து வைத்திருந்தேன் என்று பாருங்கள்.

காலையில் அவர், சாயங்காலம் இவர்

தேர்தல் நேரத்தில் மைக் ஆட்டோவுக்கு அவ்வளவு கிராக்கி. காலையில் ஒரு கட்சிக் கொடி, சாப்பாட்டுக்குப் பிறகு எதிர்க்கட்சிக் கொடி. கழற்றின கொடியை மடித்து சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவேன். “உங்கள் வீட்டுப் பிள்ளை, ஏழைகளின் தோழன்” என்பது இரண்டு பேருக்கும் பொது. பேர் மட்டும் மாறும், குரல் மாறாது.

ஒரு நாள் குமராட்சியில் டீ குடிக்க நிறுத்தினேன். காலையில் அதே கடை வாசலில் நான் அழாத குறையாக ஒருத்தருக்கு ஓட்டுக் கேட்டிருந்தேன். இப்போது அடுத்தவருக்குக் கேட்டு முடித்திருந்தேன். டீ மாஸ்டர் கிளாஸை நீட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: “ரகசியமா ஓட்டுப் போடணும்னு சொல்றாங்க பெரியவரே, அது உங்களால மட்டுந்தான் முடியும்.”

கோப்பையும் வேட்பாளரும்

பிரச்சாரம் சூடாக இருந்தபோது உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு சுயேச்சை வேட்பாளரோடு போய் மாட்டிக்கொண்டேன். தெருவில் நாய்கூட இல்லை. எல்லா வீட்டிலும் டிவி. அவர் கும்பிட்ட கையோடு மூடின கதவுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து டிரான்ஸ்ஃபார்மர் படுத்துக்கொண்டது. தெரு முழுக்க டிவி போச்சு. என்னிடம்தான் பேட்டரி இருக்கிறதே. சின்ன ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு ஸ்கோரை மைக்கில் சொல்ல ஆரம்பித்தேன். ஊரே ஆட்டோவைச் சுற்றிக்கொண்டது. ரேடியோ கரகரத்த இடங்களில் சும்மா இருக்க முடியுமா, நானே இரண்டு பவுண்டரி அடித்துக் கொடுத்தேன். விசில் பறந்தது. வேட்பாளர் கும்பிடு மேல் கும்பிடு போட்டார். கரண்ட் வந்து கூட்டம் கலைந்ததும் என் தோளைத் தொட்டுக் கேட்டார்: “நாளைக்கும் மேட்ச் இருக்குதுங்களா?”

இன்றே கடைசி

ஆடி மாசம் ஒரு ஜவுளிக் கடைக்காகச் சுற்றினேன். “இன்றே கடைசி” என்று மாசம் பூராவும் சொன்னேன். ஆவணி பிறந்தும் சொன்னேன். கடை முதலாளி நிறுத்தச் சொல்லவில்லை, எனக்கும் வேறு வசனம் பழக்கமில்லை. அதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு உருக்கம் வரும் பாருங்கள், கேட்கிறவர்களுக்கு அடுப்பில் இருக்கிற சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடிவரத் தோன்றும்.

காட்டுமன்னார்கோயிலில் ஒரு அம்மா முறத்தோடு வாசலுக்கு வந்து ஆட்டோவை நிறுத்தினார். முதல் வாரத்தில் என் பேச்சைக் கேட்டு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே சிதம்பரம் போய்வந்தவராம். திட்டுவார் என்று நினைத்தேன். இல்லை, சிரித்தபடியே சொன்னார்: “நீங்க டெய்லி வாங்க அண்ணே. உங்க ஆட்டோ சத்தம் கேட்டா எங்களுக்கு நிம்மதி, இன்னிக்குக் கடைசி இல்லன்னு தெரிஞ்சிடுது.”

புயல்

டிசம்பர் இருபத்தொன்பது. தானே என்று பேர் வைத்த புயல் மறுநாள் விடியற்காலையில் நம் பக்கம் கரையேறும் என்றார்கள். கடலோரத்து ஜனங்களை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லி அறிவிக்க தாலுக்கா ஆபீஸில் என்னையும் அனுப்பினார்கள். என் வழியில்தான் பக்கிரியின் குப்பம். தம்பியை நினைத்து என் வீட்டுக்காரியும் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அறிவிப்புக்குக் கூட வந்தது அன்றைக்குத்தான்.

மத்தியானம். தூறல்தான், ஆனால் கடல் வேறு நிறத்தில் இருந்தது. மைக்கை வாயருகே கொண்டுபோனேன். “அன்பான மீனவப் பெருமக்களே” வரைக்கும் வந்தது. அதற்கப்புறம் தொண்டை அடைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தை முதலில் சொன்னேன், புயலை அப்புறம் சொன்னேன், நடுவில் இருமினேன். பக்கிரி படகைத் தென்னை மரத்தில் கட்டிக்கொண்டிருந்தான். முடிச்சிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னான்: “சுனாமிக்கு அப்புறம் வருது வருதுன்னு எத்தினி வாட்டி ஓடுனோம். ஓடிட்டு வந்து பாத்தா கோழியக் காணோம். இப்ப நீ வேற சொல்ல வந்துட்டியா மாமா?”

மிக்சி

உண்மை வேலைக்கு ஆகாது என்று தெரிந்ததும் எனக்குத் தெரிந்த வித்தையை எடுத்தேன். அரசாங்கத்தில் இலவச மிக்சி, கிரைண்டர், ஃபேன் கொடுக்க ஆரம்பித்திருந்த சமயம். “தாய்மார்களே, மிக்சி டோக்கன் இன்று மாலை மேட்டுப் பள்ளிக்கூடத்தில், முதலில் வருபவர்களுக்கு கிரைண்டரும் சேர்த்து” என்றேன். கண்டாமணி மாதிரி ஒலித்தது. ஒரு சொல் தடுக்கவில்லை. பெண்கள் சிரித்தார்கள். “மாமாவுக்கு இப்பதான் தொண்ட தெறந்துச்சு” என்றாள் பக்கிரி பெண்டாட்டி. ஒருத்தரும் அசையவில்லை.

என் வீட்டுக்காரி ஆட்டோவை விட்டு இறங்கினாள். மைக்கைக் கேட்கவில்லை. தம்பி கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக் கீழே போட்டாள். “மிக்சின்னு சொன்னப்ப கேட்டீங்கல்ல, எப்படிக் கணீர்னு வந்துச்சு? அது பொய்யி. அதுக்கு முன்னாடி புயலுன்னு சொன்னப்ப இந்த மனுசனுக்கு வார்த்த வந்துச்சா? பொய் சொல்றப்ப இவரு திக்கி நான் பாத்ததே இல்ல. புள்ளைங்களத் தூக்குங்கடி.”

பெண்கள் பிள்ளைகளைத் தூக்கினார்கள். கோழிகளையும் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். படகைக் கட்டி முடித்துவிட்டு பக்கிரி கடைசி ஆளாக வந்தான்.

காற்று ஓய்ந்தபின் திரும்பிப் போனோம். பக்கிரி வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. அவன் படகு வந்து கவிழ்ந்து கிடந்தது, தென்னை மரமும் கயிறுமாக. நான் சொல்வதால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை.  பக்கிரி சின்னவளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரியிடம் சொன்னான்: “அக்கா, மழை இன்னும் உண்டான்னு மாமாவ மைக்ல சொல்லச் சொல்லு. நீ பக்கத்துல நின்னு கேட்டுட்டு எங்களுக்குச் சொல்லு.”

அந்த வருஷம் நாட்டில் நடந்ததையெல்லாம் தெருத் தெருவாகக் கத்தினவன் நான்தான், ஆனால் ஊர் நம்பின ஒரே சேதியைச் சொன்னவள் மைக்கைக் கையாலும் தொடாத என் வீட்டுக்காரி.