காற்று வந்த கிணறு

எங்கள் ஆற்றுக்குப் பெயர் கிடையாது. பொம்மிடிக்கு மேற்கே மலையிலிருந்து இறங்கி வருவதால் சிலர் மலையாறு என்பார்கள். நாங்கள் வெறுமனே ஆறு என்போம். ஐப்பசி மழையில் மாட்டைக்கூட இழுத்துக்கொண்டு போகும். மற்ற நாட்களில் வேட்டியை மடித்துக் கட்டாமலே தாண்டிவிடலாம்.

மலையை விட்டு வெளியே வருமுன் அது ஓர் இடுக்குக்குள் நுழையும். இரண்டு பக்கமும் சுண்ணாம்புக்கல் பாறை நெட்டுக்குத்தாக நிற்கும். மேலே சாம்பல் நிறம், தண்ணீர் உரசும் இடத்தில் வெள்ளை. ஆட்டுக்கல் குழி போல வழுவழுவென்று தண்ணீர் குடைந்த குழிகள் நிறைய இருக்கும். நண்பகலில் மட்டும் வெயில் அடி வரைக்கும் இறங்கும்.

மாசி பிறந்தால் அந்த இடுக்கின் நடுவில் ஆறு காணாமல் போய்விடும். வற்றிப்போவதில்லை. மேலே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், கீழே வெறும் மணல் கிடக்கும். நடுவே பாறைக்கடியில் ஒரு பொந்து. தண்ணீர் சத்தமில்லாமல் அதற்குள் இறங்கிவிடும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எங்கே போகிறது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. இடுக்கின் வாயில் இருந்த சுண்ணாம்புக் காளவாயில் நான் கல் உடைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு நாள் கேட்டேன்.

"ஆத்துத் தண்ணி பூமிக்குள்ள போவுது. கல்லு வண்டிக்குள்ள போவட்டும், ஒடை" என்றார் காளவாய்க்காரர்.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். ஆட்களிடம் பேசக் கூச்சம். கல்லிடம் கூச்சம் கிடையாது. அதனால் அந்த இடுக்கில் எந்தக் கல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆறு இறங்கும் பொந்துக்கு ஓர் ஆள் உயரம் மேலே, பாறையில் காய்ந்த துளை ஒன்று இருந்தது. மார்கழிக் காலையில் அதிலிருந்து வெதுவெதுப்பாக ஆவி வரும். வேலைக்கு வருகிற நாங்கள் அதன் முன்னால் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டுதான் சம்மட்டியைத் தொடுவோம்.

அறுபதுகளின் கடைசி அது. என் அக்காவை அந்த இடுக்குக்குக் கீழே மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். எங்களைப் போலவே வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள்; ராகியும் சாமையும் போடுகிற குடும்பம். மானாவாரி நிலம். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அதில் கிணறு வெட்ட ஆரம்பித்தார். மண் முடிந்ததும் அங்கேயும் வெள்ளைப் பாறைதான். அறுவடை முடிந்த மாதங்களில் எல்லாம் அவரும் அக்காவும் அதற்குள்ளேயே கிடந்தார்கள். கடைசியில் ஒரு பக்கத்துப் பாறை உடைந்து, கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. தண்ணீர் வரும் என்று பார்த்தால் காற்று வந்தது. பங்குனி வெயிலில் பானைத் தண்ணீர் போலச் சில்லென்ற காற்று.

ஊர் சும்மா இருக்குமா. அந்த வழியாகப் போகிறவர்கள் கிணற்றுக்குள் குனிந்து குரல் கொடுப்பார்கள்.

"ஏனுங்க, இன்னைக்கு எத்தனை கொடம் காத்து எறைச்சீங்க?"

"விசிறி வாங்கற செலவு மிச்சம். எங்கூட்டுக்கும் ஒரு வாய்க்கால் வெட்டி வுடுங்க."

மாமா சிரித்துக்கொள்வார். ஆனால் மனம் விட்டுப்போயிருந்தது. பெங்களூரில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரி ஒருவர், ஈஸ்டர் முடிந்ததும் வந்து கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். மாமா ஒரு தகரப் பெட்டி வாங்கி வைத்துவிட்டார்.

அக்காவுக்குப் போக இஷ்டமில்லை. "அங்க போயி சித்தாளாக் கல்லு சொமக்கறதுக்கு எங்கெணத்துக் கல்லையே சொமக்கறேன்" என்றாள் என்னிடம். "தண்ணி வந்தா உங்க மாமா நின்னுக்குவாரு. எனக்கு அது போதும்."

இது நடந்து சில நாட்களில் காளவாய் ஆள் ஒருவர் அந்தக் காய்ந்த துளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நல்ல மத்தியானம். பீடிப் புகை மேலே போகவில்லை. அவர் தோளைச் சுற்றி வளைந்து துளைக்குள் போனது. நான் எழுந்து போய்த் துளையின் முன்னால் ஒரு காய்ந்த புல்லைப் பிடித்துப் பார்த்தேன். அதுவும் உள்ளே சாய்ந்தது. மார்கழியில் மூச்சு விட்ட துளை இப்போது மூச்சு இழுத்தது. இங்கே உள்ளே போகிற காற்று எங்கேயோ வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அங்கே கிணற்றில் ஒரு துளை காற்றை விட்டுக்கொண்டிருக்கிறது.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவளுக்கு உடனே பிடிபட்டது.

"அப்ப வாசனையா ஏதாச்சும் போட்டு வுடு. நான் கீழ இருந்து மோந்து பாக்கறேன்."

வீட்டில் சனிக்கிழமை செபத்துக்கு வைத்திருந்த சாம்பிராணியை எடுத்துப் போனேன். வேலை தொடங்குமுன் விடியலிலேயே கரி மூட்டிப் போட்டேன். புகை அத்தனையும் திரும்பி என் முகத்தில்தான் அடித்தது. அக்கா கீழே உட்கார்ந்திருந்துவிட்டு எரிச்சலோடு வீட்டுக்குப் போனாள். குளிர்ந்த நேரத்தில் துளை வெளியே விடும், வெயில் ஏறினால்தான் உள்ளே இழுக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் மறுபடி போட்டேன். சாம்பிராணிப் புகை வெள்ளைத் துணியை இழுப்பதுபோல உள்ளே போனது. கையில் இருந்ததை எல்லாம் போட்டுவிட்டேன்.

அது தவக்கால வெள்ளி என்பதை நான் யோசிக்கவில்லை. கோயிலில் சிலுவைப் பாதை முடிந்து திரும்பிய பெண்கள், வெயில் தாங்காமல் மாமாவின் கிணற்றுப் படியில் காற்று வாங்க உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களோடு அக்காவின் மாமியாரும் இருந்திருக்கிறார். அப்போது பூமிக்குள்ளிருந்து சாம்பிராணி வாசனை வந்திருக்கிறது.

சாயங்காலம் நான் இறங்கிப் போனபோது கிணற்றைச் சுற்றி ஊரே முழங்காலில் இருந்தது. மாதா வந்துவிட்டாள் என்று செபமாலை நடந்தது. பாறை ஓட்டைக்கு அரளிமாலை போட்டிருந்தார்கள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உபதேசியார், அதாவது பங்குச் சாமியார் வராத நாட்களில் கோயிலைப் பார்த்துக்கொள்பவர், எழுந்து நின்று சொன்னார்:

"பெரிய வியாழனுக்குச் சாமியார் வர்றாருங்க. அவரு பாத்துச் சொல்ற வரைக்கும் இந்தப் பாறையில யாரும் கடப்பாரை போடக்கூடாது."

மாமாவோ தகரப் பெட்டிக்குப் பூட்டு வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அக்கா என்னை மாட்டுக் கொட்டாய்க்கு இழுத்துப் போனாள்.

"வாசனை வந்துச்சாக்கா?"

"வந்துச்சா? ஊருக்கே வந்துச்சு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அத்தை மண்டி போட்டுட்டாங்க. இப்பப் போயி என் தம்பி போட்டதுன்னு சொன்னா, மாதாவக் கேலி பண்ணிட்டீங்கன்னு ரெண்டு பேரையும் கெணத்துலயே போட்டு மூடிருவாங்க."

"நான் சொல்லட்டுமா?"

"நீயா?" என்று அவள் சிரித்தேவிட்டாள். "பொண்ணு பாக்கப் போன எடத்துல பேரு கேட்டதுக்கே என் மூஞ்சியப் பாத்தவன் நீ."

கொட்டாயில் மாட்டுக்குக் கொசு அண்டாமல் இருக்கச் சாணமும் வேப்பந்தழையும் போட்டு மூட்டம் போட்டிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு மத்தியானம் இதப் போடு" என்றாள்.

மறுநாள் ஒரு கூடை காய்ந்த சாணமும் ஒரு கட்டு வேப்பந்தழையும் சுமந்துகொண்டு இடுக்குக்கு ஏறினேன். காளவாய் ஆட்கள், ஆற்றுக்குக் கொசு கடிக்கிறதா என்றார்கள். துளை நன்றாக இழுத்தது. கண் எரிய எரிய உட்கார்ந்து கூடை காலியாகும்வரை போட்டேன். கீழே நடந்ததை அக்கா பிறகு சொன்னாள்.

அன்றைக்கும் கூட்டம் இருந்ததாம். முதலில் ஒரு கிழவர் மூக்கை உறிஞ்சினாராம். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். மாமியார்தான் மெதுவாகச் சொன்னாராம்: "எங்கூட்டு மாட்டுக் கொட்டாயாட்டமில்ல இருக்குது."

மாமா மேலேயிருந்து, "மாதாவுக்குக் கொசு கடிக்குதாட்டம் இருக்குது" என்றாராம். யாரும் சிரிக்கவில்லை. பிறகு உபதேசியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்திருக்கிறார். அதற்கப்புறம்தான் அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

நான் பயந்துகொண்டேதான் இறங்கி வந்தேன். மாமியார் கிணற்றடியில் தனியாக அரளிமாலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சாம்பிராணி போட்டது நீயா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"சாம்பிராணி போட்டது நீ. அது வர்றதுக்கு வழி வெச்சது யாரு? மலைக்குள்ள நீயா போயி வெட்டுன?" மாலையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்தார். "உள்ள போயிச் சாப்பிடு. மேலெல்லாம் சாணப் பொகை நாறுது."

அன்று சாயங்காலம் மாமா என்னை அதிகம் பேச வைத்தார். ஆறு இறங்கும் பொந்தும் காற்று இழுக்கும் துளையும் எவ்வளவு பக்கம், எந்தச் சாய்வில் போகிறது, உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். அவர் தரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கோடு கிழித்தார்.

"காத்து மேல் வழியா வருது. அப்ப தண்ணி அதுக்கு அடி வழியாத்தான் போவோணும். நாம மேல் மாடியில நின்னுக்கிட்டுத் தண்ணி தேடறோம் மாப்ள."

உபதேசியார் தடையை எடுத்துவிட்டார், வேட்டு மட்டும் வைக்க வேண்டாம் என்றார். மாமாவுக்கும் அதே பயம்தான். வேட்டு வைத்து உள்வழி இடிந்து மூடிக்கொண்டால் எல்லாம் போயிற்று. அதனால் உளியும் சம்மட்டியுமாக நானும் காளவாய்க்குப் போகாமல் அவரோடு இறங்கினேன். காற்று வந்த ஓட்டையை விட்டுவிடாமல் அதை ஒட்டியே கீழே போனோம். கிணற்றுக்குள் வேர்க்காமல் வேலை செய்தது அந்த ஒரு கிணற்றில்தான்.

மேஸ்திரி ஈஸ்டருக்கு மறுநாள் வந்தார். மாமா கிணற்றுக்குள்ளிருந்தே, "ஒரு வாரம் கழிச்சு வர்றேனுங்க" என்றார். வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு அவர் ரயிலுக்குப் போய்விட்டார். அக்கா கல் கூடையோடு படியிலேயே நின்றாள்.

அந்த வாரம் முடியுமுன் ஒரு நாள் சம்மட்டி அடி வேறு மாதிரி கேட்டது. பானையைத் தட்டுவதுபோல. மாமா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். இருவரும் பாறையில் காதை வைத்தோம். அடியில் யாரோ குடத்திலிருந்து குடத்துக்கு ஊற்றுகிற மாதிரி ஒரு சத்தம். கல்லை உடைத்து எடுத்ததும் இருட்டில் தண்ணீர் தெரிந்தது. தேங்கி நிற்கும் தண்ணீர் இல்லை, ஓடும் தண்ணீர். ஒரு பக்கப் பாறையிலிருந்து வந்து, மறு பக்கப் பாறைக்குள் போய்க்கொண்டிருந்தது. காணாமல் போன எங்கள் ஆறு. மாமா அதில் கையை வைத்து அப்படியே வைத்திருந்தார். பிறகு மேலே பார்த்து, "உங்கக்காவக் கொடம் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு" என்றார்.

அந்தத் தகரப் பெட்டியில் அக்கா விதை ராகி போட்டு வைத்தாள். இன்றைக்கும் அதற்குத்தான் இருக்கிறது. மாமா பெங்களூர் போனதே இல்லை. ஊரில் மட்டும் இன்னும் அதைக் காத்துக் கெணறு என்றுதான் சொல்கிறார்கள், தண்ணீர் குடிக்கிறவர்களும் சேர்த்து.

எனக்கு ஒன்று மிச்சமிருக்கிறது. கிணற்றைத் தாண்டி மறு பக்கப் பாறைக்குள் போகும் தண்ணீர் எங்கே வெளியே வருகிறது? கோடையில் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கமாக மலையடிவாரம் நெடுக நடப்பேன். பாறையில் துளை தெரிந்தால் அதன் முன்னால் ஒரு காய்ந்த புல்லைப் பிடித்துப் பார்ப்பேன்.