அண்ணி நடக்காத தூரம்

"மாசி 2. இரண்டாம் இரவுத் தங்கல்: கல்யாண மண்டபம். பேசியாயிற்று. அன்று கல்யாணம் எதுவும் இல்லை. உறுதி."

திருவண்ணாமலைக்கு நடந்து போகவிருந்த எங்கள் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் நான் கைப்பேசியில் அனுப்பிய செய்தி இது. இன்னும் அழிக்கவில்லை. இதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் சங்கடம். அந்தத் தேதியில் அந்த மண்டபத்தில் கல்யாணம் இல்லைதான்.

நடக்க வேண்டும் என்ற பேச்சு அண்ணியால் வந்தது. அவருடைய மகன், என் அண்ணன் பையன், போன வருஷம் கரும்பு வெட்டு நடந்த சமயம் மடுகரை பக்கம் வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். மாதக்கணக்கில் படுக்கை. தகடு வைத்தார்கள். திரும்ப நடப்பானா என்று மருத்துவமனையில் யாரும் திட்டமாகச் சொல்லவில்லை. ஒருநாள் அவன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அண்ணி வேண்டிக்கொண்டார்: "எம் புள்ள எழுந்து நடந்தா, அண்ணாமலையாரே, நானும் வூட்டுல இருந்து உன் வாசல் வரைக்கும் நடந்தே வரேன்." இதை நான் காதால் கேட்டேன். 'நடந்தே' என்று அழுத்திச் சொன்னார். பையன் கார்த்திகை மாதம் கைத்தடி இல்லாமல் நடந்தான். மாசிப் பௌர்ணமிக்குப் போவதென்று அண்ணி முடிவு செய்தார். தனியாக விட மனமில்லாமல் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துகொண்டோம்.

எந்த நாள் எதுவரை நடப்பது, எங்கே தங்குவது என்று வகுக்கும் வேலை என்னிடம் வந்தது. ஊரில் மழை பெய்த நாள், ஏரி நிரம்பிய நாள், முதல் அறுவடை நாள் என்று குறித்து வைக்கிறவன் என்பதால் இதுவும் எனக்கு வரும் என்று நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அந்தக் காலத்துச் சத்திரங்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். ஒரு சத்திரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கும் தூரம், மூட்டை சுமந்த மனிதன் பொழுதுக்குள் நடக்கக்கூடிய தூரம். அதைக் கணக்கிட்டவன் தன் காலால் நடந்து பார்த்திருப்பான். நான் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தேன்.

ஆனாலும் சும்மா போடவில்லை. பண்டசோழநல்லூரில் விடியுமுன் புறப்பட்டு மடுகரை, சிறுவந்தாடு வழியாக விழுப்புரத்துக்கு வெளியே முதல் இரவு. காணை தாண்டி ஒரு கிராமத்தில் இரண்டாம் இரவு. வேட்டவலத்தில் மூன்றாம் இரவு. நான்காம் நாள் மலை. கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய ஒரு நாள்தான் எல்லோருடைய ஒரு நாள் என்று வைத்துக்கொண்டேன். அது அண்ணி. முதல் நாள் உற்சாகத்தில் கடந்துவிடும், இரண்டாம் நாள்தான் பாதம் எரியும் என்று நடந்து பழகியவர்கள் சொன்னார்கள். அதனால் இரண்டாம் நாளை வேண்டுமென்றே குட்டையாக வைத்தேன். பெண்களுக்குக் கழிப்பறை, குளிக்கத் தண்ணீர், தலைக்கு மேல் கூரை, இம்மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது கல்யாண மண்டபத்தில்தான். ஆளில்லாத நாளில் யாத்திரைக்காரர்கள் படுத்து எழுந்து போவதைப் பல மண்டபத்துக்காரர்கள் தடுப்பதில்லை. கூட்டிப் பெருக்கிக் கொடுத்தால் போதும்.

இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது. பௌர்ணமிக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் நடக்கும் நாட்களெல்லாம் வளர்பிறையில் விழும். நல்ல முகூர்த்தங்களும் வளர்பிறையில்தான். நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் மூன்றாம் நாள் முகூர்த்த நாள். இரண்டாம் நாள் இல்லை. இதைக் கண்டுபிடித்ததற்காக என்னையே மெச்சிக்கொண்டேன். மண்டபத்துக்குத் தொலைபேசியில் பேசி, தேதியைச் சொல்லி, "அன்னிக்குக் கல்யாணம் இருக்கா?" என்று கேட்டேன். "அன்னிக்கா? இல்லியே" என்றார் காவலாளி. வந்து தங்கலாமா என்று கேட்டதற்கு, "வாங்க சாமி" என்றார்.

எங்கள் பக்கத்தில் மண்டபம் பிடித்தால் முந்தின நாள் மதியமே பாத்திரம் இறங்கிவிடும். மாலையில் பெண்ணழைப்பு, இரவு ரிசப்ஷன், விருந்து. தாலி மட்டும்தான் மறுநாள் காலை. என் மகள் கல்யாணத்துக்கு நானே அப்படித்தான் மண்டபம் பிடித்தேன். மடுகரையில் மாடு மேய்ப்பவருக்கும் தெரிந்த விஷயம். முகூர்த்தத் தேதியை வட்டம் போட்டுக் குறித்த எனக்கு, அந்தத் தேதி முந்தின நாளே மண்டபத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது தோன்றவே இல்லை.

அந்த இரண்டாம் நாள் நடை நன்றாகவே போனது. பகல் வெயிலில் ஒரு மாந்தோப்பில் படுத்திருந்துவிட்டு, பொழுது சாயும் நேரம் மண்டபத்தை நெருங்கினோம். முதலில் கேட்டது ஜெனரேட்டர் சத்தம். அடுத்து வாசலில் கட்டிய வாழை மரம் தெரிந்தது. சீரியல் பல்பு ஓடிக்கொண்டிருந்தது. என் மச்சான், என் மனைவியின் தம்பி, நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"இன்னா மாமா, நமக்கு வரவேற்பு பலமா இருக்குது. பன்னீர் வேற தெளிப்பாங்களா?"

நான் காவலாளியைத் தேடி உள்ளே எட்டிப் பார்த்தேன். மச்சான் விடவில்லை.

"கேலண்டர்ல எல்லாம் பாத்தியே. ரிசப்ஷன் போடலையா அதுல?"

"சும்மா இருடா" என்றாள் என் மனைவி.

பெண் வீட்டார் நல்ல மனிதர்கள். பெண்ணின் தாயார் பட்டுப் புடவையோடு வெளியே ஓடிவந்து, "நடந்து போறவங்க காலு வாசல்ல பட்டதே எங்க பொண்ணுக்கு யோகம்" என்று அண்ணியிடம் திருநீறு கேட்டு வாங்கிப் பெண்ணுக்குப் பூசிவிட்டார். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார். உள்ளே படுக்க இடமில்லை, பின்னால் வண்டி நிறுத்தும் கொட்டகை இருக்கிறது, ஜமக்காளம் தருகிறோம், ஜெனரேட்டர் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டால் படுக்கலாம் என்றார்.

வேண்டாம் என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சத்தத்தில் யாரும் தூங்க முடியாது என்பது வெளியே சொன்ன காரணம். எல்லோர் முன்னாலும் தவறிப்போன திட்டத்தைக் கொட்டகையில் விரித்துப் படுக்க எனக்குக் கூசியது என்பது மற்றது. அடுத்த ஊர்க் கோயிலில் இடம் கிடைக்கும், வெயில் இறங்கிவிட்டது, மெதுவாக நடந்துவிடலாம் என்று சொன்னேன். அப்போது அண்ணி படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றியிருந்தார். குதிகாலில் கொப்புளம் திரண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் அவரைக் கேட்கவில்லை. அவர் எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வா தம்பி, போவலாம்" என்றார்.

எங்கள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கூடவே வந்த சின்ன லாரியில் நான் முன்னால் போனேன். கோயிலில் இடம் கேட்க வேண்டுமே. பூசாரி யோசிக்கவே இல்லை, கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டார். நான் கூட்டிப் பெருக்கிப் பாய் விரித்து, வாசலில் வந்து நின்றேன். நடந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. என் மனைவி இறங்கி, உள்ளிருந்து அண்ணியைக் கைத்தாங்கலாக இறக்கினாள்.

அண்ணி என்னைக் கடந்து போகும்போது, "நடந்து வரல தம்பி" என்றார். அவ்வளவுதான். முகம் கழுவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

நடந்ததைப் பிறகு மச்சான் சொன்னான். வழியில் கொப்புளம் உடைந்து, தலைசுற்றி, அண்ணி சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். "பெரியக்கா வேணாம் வேணாம்னுதான் சொன்னாங்க. கண்ணு சொருகுது, கையி ஜில்லுனு ஆயிட்ச்சி. நாந்தான் அந்த வழியா வந்த ஆட்டோவ நிறுத்தி தூக்கிப் போட்டேன். திட்டுறதுன்னா என்னத் திட்டு."

அவனை எதற்குத் திட்டுவது? அவன் செய்தது சரி.

மீதி இரண்டு நாளும் அண்ணி காலில் துணி சுற்றிக்கொண்டு நடந்தார். மலை கண்ணில் பட்டபோது எல்லோரும் கை கூப்பி அரோகரா சொன்னோம். அவர் உதடு அசைந்தது, கை எழவில்லை. சந்நிதியில் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். "கொஞ்சம் மிச்சம் இருக்குது. முடிச்சுட்டுத்தான் சொல்லுவேன்" என்று சாமியிடம் மெல்லச் சொன்னது கேட்டது.

பங்குனி பிறந்ததும் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, விட்ட எடத்துல இருந்து அந்தக் கோயிலு வரைக்கும் நடந்துட்டு வந்துடறேன். எங்க ஏறுனேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. நீ கேட்டு வெச்சிருப்ப."

கேட்டுத்தான் வைத்திருந்தேன். மச்சான், ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அண்ணி சாய்ந்திருந்தபோது ஏற்றினேன் என்கிறான். என் மனைவி, அது செங்கல் சூளைப் பக்கம் என்கிறாள். "சூளப் பொக கண்ணுல வந்து எரிஞ்சிது. அக்காவ நாந்தான் மடியில சாச்சினு இருந்தேன். எனக்குத் தெரியாதா?" பாலத்துச் சுவரில் சாய்ந்தது முன்னால் ஒருமுறை ஓய்வெடுத்தபோது என்றாள். மச்சான் தலையில் அடித்துக்கொள்கிறான்: "பாலம் சூளைக்கு அப்பால இருக்குதுக்கா. முன்னாடி எப்பிடி வரும்?" மண்டபத்திலிருந்து வந்தால் முதலில் சூளை, பிறகு பாலம், அப்புறம்தான் கோயில். அதுவரை அவன் சொல்வது சரி. ஆனால் சூளைக்கு முன்னால் கைப்பிடிச் சுவர் வைத்த வேறு சின்ன மதகுகளும் இருக்கின்றன. பிறகு நான் ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தேன். சூளைக்கும் அவன் சொல்லும் பாலத்துக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

எது சரியென்று தெரியாவிட்டால் மண்டபத்திலிருந்தே நடப்பதுதான் முறை. சந்தேகமே வராது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் முந்தின நாள்தான் அண்ணன் பையன் என்னைத் தனியே பார்த்துப் பேசியிருந்தான். முழங்கால் தேய்ந்திருக்கிறது, அதிகம் நடக்க விடக்கூடாது என்று டாக்டர் சொன்னாராம். "சித்தப்பா, அம்மா சும்மா இருக்க மாட்டாங்க. உங்களத்தான் கேப்பாங்க. கிட்டக்க ஒரு எடமா சொல்லிடுங்க."

"பாலம் அண்ணி" என்றேன். "ஒரு சின்னப் பாலம் இருக்கு. அங்கதான்."

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அண்ணி. "தேதி போட்டு எழுதி வெக்கிற ஆளு நீ."

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். முதல் பேருந்தில் விழுப்புரம், அங்கிருந்து இன்னொன்று. வெயில் ஏறுமுன் பாலத்தில் இறங்கினோம். அண்ணி பாலத்துச் சுவரில் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார். பையன் லேசாகக் காலை இழுத்துக்கொண்டு கூடவே வந்தான். பாதி வழியில் டீக்கடையில் உட்கார வைத்தேன். புளிய மரத்து நிழலில் மறுபடி ஒருமுறை. அன்று நான் போட்ட திட்டத்தில் ஒரு குறையும் நேரவில்லை. கோயில் வாசலில் அண்ணி மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு சிரித்தார். "முடிஞ்சிதுடா" என்றார். திரும்பும் பேருந்தில் என் தோளைத் தட்டி, தன் டப்பாவிலிருந்து புளிசாதம் எடுத்துக் கொடுத்தார். நான் சாப்பிட்டேன்.

இப்போது அவர் முகத்தில் பழைய களை திரும்பியிருக்கிறது. யாராவது கேட்டால், வீட்டிலிருந்து மலைவரை ஓரடி விடாமல் நடந்தேன் என்று சொல்கிறார். நான் பக்கத்தில் இருந்தால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். தலையாட்டுகிறேன். எனக்கே உறுதியில்லை என்ற உண்மையைச் சொன்னால் நாளைக்கே அந்த முழங்காலோடு கிளம்பிவிடுவார். சொல்லாவிட்டால், ஒருவேளை, சாமியிடம் அவர் முடித்துவிட்டேன் என்று சொன்னது பொய்யாகி, அந்தப் பொய் என்னுடையதாகிறது. என் மனைவி இதுபற்றி என்னிடம் ஒருமுறைதான் பேசினாள்: "ஒரு வார்த்த என்னையும் கேட்டிருக்கலாம்." மண்டபத்து வாசலிலும் நான் ஒருவரைக் கேட்காமல் விட்டேன்.

அந்த ஆட்டோக்காரரைத் தேடிக் காணை நிறுத்தத்திலும் கண்டாச்சிபுரம் நிறுத்தத்திலும் விசாரித்தேன். அப்படி ஒரு அம்மாவை ஏற்றியதாக யாருக்கும் நினைவில்லை. அண்ணி வண்டியில் ஏறியது சூளையருகிலா பாலத்தருகிலா என்பது இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.