படமில்லாத கடவுள்

என் கணவரின் சுவாசப்பைகளுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லி, ஒரு ஒக்சிசன் மெஷினோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எஸ்பியர்க் என்ற டெனிஷ் துறைமுக ஊரில் அது மார்கழி. நாலு மணிக்கு முன்னமே இருட்டிவிடும். மழையும் காற்றும் ஓய்வதே இல்லை.

வந்த அன்றே அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இஞ்சரும், நான் போற நேரம் நீர் பக்கத்தில முழிச்சிருக்க வேணும். தனியப் போக எனக்குப் பயமாக் கிடக்கு."

மீன் தொழிற்சாலையில் வருடக்கணக்காக ஐஸ் தண்ணீருக்குள் கை விட்ட மனிதர். பயம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

"ஓம், முழிச்சிருப்பன்" என்றேன். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

கடவுள்மாரை நிம்மதியாக இருக்க விடுகிற பெண் நான் இல்லை. பிள்ளையாருக்கு மோதகம், முருகனுக்குப் பால்செம்பு, அடுத்த வீட்டுக் கத்தோலிக்க அக்காவோடு போய் மாதாவுக்கு மெழுகுதிரி என்று எல்லாரிடமும் நேர்த்தி வைத்தாயிற்று. ஒருவரும் அசைவதாகத் தெரியவில்லை.

அப்போது நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை செய்தேன். நைஜீரியாவிலிருந்து வந்த ஒருத்தி என்னோடு வேலை செய்தாள். யொருபா இனத்தவள். படுக்கை விரிப்புகளை ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து மடிப்போம். மடிக்கும்போது முகத்துக்கு முகம் வந்துவிடும், அதனால் எதையும் ஒளிக்க முடியாது. எங்களுக்குள் அரைகுறை டெனிஷ்தான். ஒருநாள் நான் அழுததைப் பார்த்துவிட்டு, தன் தகப்பன் வழி ஆட்களின் கடவுளைப் பற்றிச் சொன்னாள்.

"ஒலோடுமாரே என்று பெயர். வானத்துக்குச் சொந்தக்காரர். எல்லாம் அவரிடமிருந்து வந்ததுதான். மனிதருக்கு மூச்சைக் கொடுப்பதும் அவர்."

மூச்சு என்றதும் நான் விரிப்பைக் கீழே போட்டுவிட்டேன்.

"அவருக்கு என்ன நேர்த்தி வைக்க வேண்டும்?"

"ஒன்றுமில்லை. அவருக்குக் கோயிலும் கிடையாது. படையல் எல்லாம் அவருக்குக் கீழே இருக்கிற தெய்வங்களுக்குத்தான்."

எனக்குச் சினம் வந்தது. கையில் ஏதாவது வாங்கிக்கொள்கிறவரிடம்தானே, வாங்கினாயே, செய் என்று சண்டை பிடிக்கலாம்? ஒன்றுமே வாங்காதவரை எப்படிப் பிடிப்பது?

வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் இருந்தபடியே போனில் தேடினேன். வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தாடி, கையில் ஒரு தடியோடு ஒரு கிழவர் வந்தார். கீழே அந்தப் பெயர் போட்டிருந்தது. அதைப் பிரதி எடுத்து, பிரேம் வாங்கிப் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். இரண்டு வாழைப்பழமும் வைத்தேன். எங்கள் ஆட்களுக்குப் படம் இல்லாமல் கும்பிட வராது.

"உது ஆர் புதுசா ஒருத்தர்?" என்றார் அவர் கட்டிலில் இருந்தபடி.

"மூச்சுக் குடுக்கிறவராம்."

"அப்ப இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டு வந்து வையும்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்கக் கன நேரம் எடுத்தது. அதற்குப் பிறகு நான் அவரைச் சிரிக்க விடவில்லை.

சனிக்கிழமை அந்த நைஜீரியாக்காரி மிளகு போட்ட கோழிச் சூப்போடு வந்தாள். சாமித்தட்டுக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யார் இவர்?"

"உன் கடவுள்தான்."

"இவர் அவரில்லை. அவரை ஒருவரும் கண்டதில்லை, அவருக்குப் படமே கிடையாது. இவர் ஒபதாலா. களிமண்ணில் எங்கள் உடம்பை வனைகிறவர். மூச்சைப் போட இவரால் முடியாது."

கொமூனில், அதுதான் நகரசபைக் கந்தோரில், மணிக்கணக்காகக் காத்திருந்துவிட்டு, இது உங்களுக்குரிய யன்னல் இல்லை என்று கேட்கும்போது வருகிற ஆத்திரம் எனக்கு வந்தது. அவள் சூப்பை ஊற்றிக்கொண்டே மீதியைச் சொன்னாள். மூச்சு எப்படி உடம்புக்குள் போகிறது என்று பார்க்க ஒபதாலாவுக்கு ஆசையாம். ஒருநாள் தான் வனைந்த உடம்புகளுக்கு நடுவில் ஒளிந்திருந்தாராம். மேலே இருக்கிற ஒலோடுமாரேக்கு அது தெரியாமல் போகுமா? ஆழ்ந்த நித்திரையைக் கொடுத்துவிட்டார். ஒபதாலா எழும்பிப் பார்த்தபோது எல்லா உடம்புகளும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தனவாம்.

அவள் போனதும் படத்தை உருவி எடுத்தேன். வெறும் பிரேமை அப்படியே வைத்தேன். கண்ணாடியில் குங்குமப் பொட்டு மட்டும் இருந்தது.

"கிழவரை எங்க கலைச்சனீர்?"

"அவர் ஆளில்லையாம்."

இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

வேலைக்கு லீவு போட்டேன். பத்து நாள் கதிரையிலேயே இருந்தேன். அவருடைய மூச்சை எண்ணுவேன், கோப்பி குடிப்பேன், திரும்ப எண்ணுவேன். பதினோராம் நாள் பின்னேரம் தாதி வந்து பார்த்துவிட்டுப் போனாள். அவர் அமைதியாகப் படுத்திருந்தார். வெளியே மழை. அவருடைய கையைப் பிடித்தபடி கண்ணைக் கொஞ்சம் மூடினேன்.

திறந்தபோது தெரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயில் காற்று வந்துகொண்டே இருந்தது. வாங்க ஆள் இல்லை. கை என் கைக்குள்தான் இருந்தது, ஆனால் குளிரத் தொடங்கிவிட்டது.

செத்தவீட்டுத் துடக்கு என்று சாமித்தட்டை வெள்ளைத் துணியால் மூடினேன். மூடுவதற்கு முன் அந்த வெறும் பிரேமைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். மூச்சைக் கொடுக்கும்போதும் காட்டமாட்டீர், எடுக்கும்போதும் காட்டமாட்டீர், அப்படித்தானே? பத்து நாள் முழித்திருந்தவளுக்கு அந்த அரை மணித்தியாலம் நித்திரையைத் தந்தது யார்? பிள்ளையாரை நான் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

மகன் டோஸ்ட்ருப்பிலிருந்து ரயிலில் வந்து சேர்ந்தான். தகப்பனின் தலைமாட்டில் வெகு நேரம் நின்றான். எப்போதும் போல டெனிஷில்தான் கேட்டான், அப்பா பயந்தாரா என்று.

"இல்லை" என்றேன். "நான் கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலதான் இருந்தனான்."

அவன் தலையாட்டிவிட்டு, முதல் தடவையாக அழுதான். அவர் கண் திறந்து என்னைப் பார்த்தாரா, எழுப்பப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது.