கறுப்பு மேலே, சிவப்பு கீழே

மீரா சாகிப் வாழ்நாளில் துணியை ஒரே ஒரு தடவைதான் தப்பாக வெட்டினார். அதுவும் தெரிந்தே வெட்டினார். எண்பத்தொன்பதாம் வருஷம், தை பிறக்க ஒரு வாரம் இருந்தது. சட்டசபைத் தேர்தலுக்காக நல்லூர்ச் சுவர்களில் ஒரு முழம்கூட மிச்சமில்லாமல் எழுதித் தீர்த்திருந்தார்கள்.

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். சொந்த ஊர் வெள்ளகோவில். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவி காத்தூன் பீவியோடும் ஒரு தகரப் பெட்டியோடும் இங்கே வந்து இறங்கினார். வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம், பேரைச் சொன்னதும், “இப்பத்தானுங்க ஒருத்தருக்குச் சொல்லிப்போட்டோம்” என்ற பதில் அச்சடித்த மாதிரி வந்தது. நாலாம் நாள் நாச்சிமுத்துதான் தன் வீட்டை ஒட்டிய இரண்டு அறைகளைத் திறந்துவிட்டார். நாச்சிமுத்து அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். தறிக்காரக் குடும்பம், சஷ்டி தவறாமல் முருகனுக்கு விரதம் இருப்பவர். அன்றிலிருந்து இவர் அவருக்கு மாப்பிள்ளை, அவர் இவருக்கு மாமா. மத்தியானம் கட்டிங் மேஜை ஓரத்தில் இரண்டு பேருடைய சாப்பாட்டுத் தூக்குப்போசியும் ஒன்றாகத் திறக்கும். சஷ்டியன்று காத்தூன் பீவி கட்டிக்கொடுக்கும் போசியிலும் கறி இருக்காது.

நாச்சிமுத்து கறுப்பு சிவப்புக் கட்சி. வேட்டிக் கரை, துண்டுக் கரை, சைக்கிள் கைப்பிடியில் சுற்றிய ரிப்பன் வரைக்கும் கட்சி. மீரா சாகிப் எந்தக் கட்சி என்று ஒருத்தருக்கும் தெரியாது. உண்மையில் அவரும் அதே கட்சிக்குத்தான் குத்திக்கொண்டிருந்தார். கொள்கை கிள்கை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வீடு கொடுத்த மனுஷனுடைய கட்சி, அதற்கு ஒரு முத்திரை குத்தினால் கையா தேய்ந்துவிடும் என்ற நினைப்புதான். அதை அவர் வெளியே சொன்னதில்லை. தான் வெட்டுகிற துணி எல்லாக் கட்சிக்காரன் கைக்கும் போக வேண்டியிருக்கிறதே என்ற ஜாக்கிரதை. எந்தப் பக்கமும் சேராத மனுஷன் என்று ஊரும் மரியாதையாக விட்டுவைத்திருந்தது. அந்த வருஷம் அந்த மரியாதைக்கு வழியில்லாமல் போயிற்று.

அந்தத் தேர்தலில் ஜனங்களுக்கு அப்படி என்ன வந்ததோ தெரியவில்லை. டீக்கடைக்குப் போனால் எந்த பெஞ்சில் உட்காருகிறோம் என்று நாலு பேர் பார்த்தார்கள். பெண்கள் குழாயடியில் குடத்தில் சின்னம் ஒட்டி வரிசை வைத்தார்கள், தண்ணீருக்கும் கட்சி உண்டு என்பது போல. பொங்கல் சீர் கொண்டுவந்த மாமனாரின் வேட்டிக் கரையைப் பார்த்துவிட்டு, கரும்புக் கட்டோடு வாசலிலேயே நிறுத்திய மருமகன்கூட அந்த வீதியில் உண்டு. எல்லோரும் நல்லவர்கள்தான். ஒருத்தர் வீட்டுச் சாவுக்கு ஒருத்தர் தோள் கொடுத்தவர்கள்தான். மூன்று வாரத்தில் இப்படி ஆனார்கள்.

கம்பெனிக்குள்ளும் அதே கதை. நாச்சிமுத்து துண்டுகளைச் சேர்த்து ஓவர்லாக் அடித்தால், அடுத்த மிஷினில் பொங்கியண்ணன் அதன் மேல் ஃபிளாட்லாக் அடிக்க வேண்டும். அப்போதுதான் அது சட்டை. பொங்கியண்ணன் எதிர்க்கட்சி. அவர்கள் கொடியும் கறுப்பு சிவப்புதான், நடுவில் வெள்ளை உண்டு. அந்த வெள்ளைக்காக இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இரண்டு மிஷினுக்கும் நடுவே தைத்ததை மடித்து நகர்த்துகிற கைமடி வேலைக்காரி ரங்காத்தாள்தான் தூது.

“அந்த அண்ணனைச் சீக்கிரம் தள்ளச் சொல்லு, ரங்காத்தா” என்பார் பொங்கியண்ணன்.

“நூலை இழுத்துத் தைக்கச் சொல்லு, தானா வரும்” என்பார் நாச்சிமுத்து.

ரங்காத்தாள் இரண்டையும் திருப்பிச் சொல்ல மாட்டாள். எட்டினால் தொட்டுக்கொள்ளலாம், அவ்வளவு பக்கத்தில்தான் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வாரம் மீரா சாகிப் சிரித்தார். இரண்டாம் வாரம் சிரிப்பு வரவில்லை. காலையில் கத்தரியைக் கையில் எடுக்கும்போதே கை அலுத்தது. இத்தனை வருஷம் சேர்ந்து சாப்பிட்டதெல்லாம் இவ்வளவுதானா என்று இருந்தது. எழுந்து எங்காவது போகலாம் என்றால் எங்கே போவது? போகிற இடத்திலும் இதே இரண்டு கொடிதான் பறந்துகொண்டிருக்கும்.

அப்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. ஜெர்மனிக்குப் போகிற குழந்தைச் சட்டை, மூவாயிரம் பீஸ். நெஞ்சு வரை கறுப்பு, அதற்குக் கீழே சிவப்பு. சாம்பிளை மேஜை மேல் விரித்ததும் நாச்சிமுத்து மிஷினை விட்டு எழுந்து வந்து, இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்தார். அவர் பக்கத்து ஆட்கள் விசிலடித்தார்கள்.

பொங்கியண்ணனும் அவருடைய ஏழு பேரும் மிஷினை நிறுத்திவிட்டார்கள். “இது சட்டை இல்லீங்க மாஸ்டர், கொடி. எங்க கையால இதைத் தைக்க மாட்டோமுங்க. வேணும்னா நடுவுல ஒரு வெள்ளைப் பட்டி வெச்சுக் குடுங்க, இப்பவே தைக்கறோம்.”

உலகத்தில் உள்ள அத்தனை நிறத்தையும் சாயம் போட்டு அனுப்புகிற ஊர் இது. இந்த ஊர்க்காரனுக்கு ஒரு சட்டையைச் சட்டையாகப் பார்க்கத் தெரியாமல் போய்விட்டது. முதலாளி சென்னியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஜெர்மனிக்காரக் கொழந்தைக்கு உங்க கட்சி தெரியுமாடா? மாஸ்டர், நான் காங்கேயத்துல ஒரு கல்யாணத்துக்குப் போயாகணும். எப்படியாவது சமாதானம் பண்ணி முடிங்க. பொங்கலுக்கு முந்தின நாள் லாரி ஏறணும்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மீரா சாகிப் மேஜை முன்னால் வெகுநேரம் நின்றார். மேல் துண்டுக்குச் சின்னதாக ஒரு அளவு அட்டை, கீழ்த் துண்டுக்குப் பெரிதாக ஒரு அட்டை. இடப்பக்கம் கறுப்பு ரோல், வலப்பக்கம் சிவப்பு ரோல். அட்டையை மாற்றி வைத்தால் சிவப்பு மேலே போகும், கறுப்பு கீழே வரும். அது எந்தக் கட்சிக் கொடியும் இல்லை. யாருக்கும் வருத்தம் இல்லை. அங்கே கடல் கடந்து எவன் கவனிக்கப் போகிறான்? சாம்பிளை மீறக் கூடாது என்பது அவருக்குத் தெரியாததா? வேலைக்கு வந்த புதிதில் முதலில் கற்றதே அதுதான். இருந்தாலும் அந்த மூன்று வாரத்தில் அவருக்கு வந்த ஒரே வழி அதுதான். அட்டையை மாற்றி வைத்து வெட்டினார். முதல் நூறு பீஸைக் கட்டி, ‘பாருங்கள், பிரச்சினை தீர்ந்தது’ என்ற முகத்தோடு நாச்சிமுத்துவின் மிஷினில் அவரே கொண்டுபோய் வைத்தார்.

நாச்சிமுத்து இரண்டு துண்டையும் சேர்த்துப் பார்த்தார். சிவப்பு மேலே, கறுப்பு கீழே. முகம் வெளுத்தது.

“கொடியைத் தலைகீழா வெட்டியிருக்கறீங்களே, மாப்ளே.”

மீரா சாகிப்புக்கு அப்போதுதான் உறைத்தது. கொடியைத் தலைகீழாகக் கட்டுவதை விடப் பெரிய அவமானம் ஒரு கட்சிக்காரனுக்கு உண்டா? சட்டையைச் சட்டையாகப் பார்க்கத் தெரியவில்லையே என்று ஊரை மனசுக்குள் குறை சொன்ன மனுஷன், கொடியை நினைத்தே அட்டையை மாற்றினார். அதில் இதை மட்டும் நினைக்காமல் விட்டுவிட்டார். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பொங்கியண்ணன் எழுந்து கை தட்டினார். “மாஸ்டரே நம்ம பக்கந்தான்டா! கத்தரியால பதில் சொல்லிப்போட்டார்!”

அன்று மத்தியானம் நாச்சிமுத்து தன் போசியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தார்.

சாயங்காலம் முதலாளி வந்து பார்த்துவிட்டு, கத்தினால்கூடத் தேவலை, கத்தவில்லை. “நீங்களுமா மாஸ்டர்?” என்று மட்டும் கேட்டார். பெரிதாக வெட்டிய கறுப்பைச் சின்னதாக்கிக்கொள்ளலாம். சின்னதாக வெட்டிய சிவப்பைப் பெரிதாக்க முடியாது. அந்த நூறு பீஸின் சிவப்புத் துணி வேஸ்ட் மூட்டைக்குப் போயிற்று. மறுநாள் காலையில் சாம்பிளில் உள்ளபடியே வெட்ட வேண்டும் என்று உத்தரவாயிற்று.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவியதும் மீரா சாகிப் பக்கத்து வீட்டுக்குப் போனார். நாச்சிமுத்து கூடத்தில் வாக்காளர் பட்டியலைப் பரப்பி வைத்து ஸ்லிப் எழுதிக்கொண்டிருந்தார். அவர் மனைவி செல்லாத்தாள், “வாங்கண்ணா” என்றாள். அதற்கு மேல் நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

“மாமா, ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போயிர்றேன். இந்த ஊருக்கு வந்து ஓட்டுப் போட ஆரம்பிச்சதுல இருந்து நான் உங்க கட்சிக்குத்தானுங்க போடறேன். காத்தூனுக்குக்கூடத் தெரியாது.”

நாச்சிமுத்து பேனாவை வைத்தார். அவர் முகத்தில் ஒரு நிமிஷம் பழைய மாமா வந்து எட்டிப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

“இத்தனை வருசம் சொல்லாதவர், கொடியைக் கவுத்துப்போட்டு வந்து இன்னிக்குச் சொல்றீங்க. நான் எப்படீங்க நம்பறது?”

“நான் பொய் சொல்லி நீங்க பார்த்திருக்கறீங்களா, மாமா?”

“சரி, பார்த்ததில்லீங்க. நாளைக்குச் சாயந்தரம் ஊர்வலம். இந்தத் துண்டைத் தோள்ல போட்டுட்டு முன்வரிசையில எங்கூட வாங்க. நம்பறேன்.”

துண்டை எடுத்து நீட்டினார். மீரா சாகிப் அதை வாங்கவில்லை. வாங்கினால், நாளன்றைக்கு அவர் வெட்டிக் கொடுக்கும் கட்டைப் பொங்கியண்ணனின் ஆட்கள் தொட மாட்டார்கள். அது ஒரு பக்கம். அதை விட, சொன்னது மெய் என்று காட்டுவதற்கு வேஷம் கட்ட வேண்டுமா என்று அவருக்கு நெஞ்சு கசந்தது. இருபத்திரண்டு வருஷம் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் படுத்து எழுந்தவனை நம்ப ஒரு முழத் துண்டு வேண்டியிருக்கிறதா?

“அது மட்டும் வேண்டாமுங்க, மாமா.”

“அப்புறம் என்னங்க, பாய்” என்று நாச்சிமுத்து பட்டியலைப் பார்க்கக் குனிந்துகொண்டார்.

பாய் என்பது வசவு இல்லை. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. ஆனால் அந்த வாயிலிருந்து அது வந்தது அன்றுதான். மீரா சாகிப்புக்கு அழுகை வந்தது. மனைவி பார்த்துவிடக் கூடாது என்று முகம் கழுவுகிற சாக்கில் புறக்கடையிலேயே நின்றார்.

மறுநாள் கறுப்பை மேலே வைத்து வெட்டினார். நாச்சிமுத்துவின் ஆட்கள், “பயம் வந்தா வழிக்கும் வந்துருவாங்க” என்று சிரித்தார்கள். பொங்கியண்ணனோ, “நேத்து நம்மாளு, இன்னிக்கு அவனுக ஆளு. இந்த மாதிரி ஆளை எந்தக் கட்சியும் சேர்த்தாதுங்க, மாஸ்டர்” என்று முகத்துக்கு நேரே சொன்னார். கத்தரியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது ஓட்டாகிவிட்டது. துணியை வெட்டாமல் இருக்கலாமா என்றால், அதற்கும் ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பார்கள். முதலாளி கதவருகே நின்று, “தைக்கறவன் தைங்க, மத்தவன் பொங்கலுக்கு ஊட்டுல இருங்க” என்று ஒரே சத்தம் போட்டார். இரண்டு பக்கமும் தைத்தார்கள். பொங்கல் நேரத்தில் வேலையை விடச் சொல்லி எந்தக் கொள்கையும் சொல்லவில்லை போலிருக்கிறது. லாரி சொன்ன நாளில் கிளம்பிற்று. நாச்சிமுத்துவும் பொங்கியண்ணனும் ஒருவருக்கொருவர் எதையும் மன்னிக்கவில்லை, ஆனால் மீரா சாகிப்பை நம்பக் கூடாது என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

தேர்தல் அன்று பள்ளிக்கூடத்துக்கு அவர் தனியாக நடந்து போனார். எப்போதும் நாச்சிமுத்துவின் சைக்கிள் கேரியரில் போவார். வழியில் யாரும் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ரோட்டின் இரண்டு பக்கமும் ஸ்லிப் கொடுக்கும் மேஜைகள். இடப்பக்க மேஜையில் நாச்சிமுத்து.

“ஸ்லிப்பு எழுதலீங்க, பாய். அந்தப் பக்கம் கேட்டுப் பாருங்க.”

ரோட்டைத் தாண்டி வலப்பக்கம் போனார். “உங்க மாமன் மேஜை அங்கல்லீங்களா இருக்குது?” என்றார் பொங்கியண்ணன்.

ஸ்லிப் இல்லாமலே வரிசையில் நின்றார். உள்ளே இருந்த வாத்தியார் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பேரைத் தேடி எடுத்தார். விரலில் மை வைத்தார்கள். மறைப்புக்குள் போய் முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்ததும் மீரா சாகிப்புக்குக் கோபம் வந்தது. எல்லோரும் சொல்கிறபடியே ஆகட்டும் என்று கட்டையை எதிர்க்கட்சிச் சின்னத்துக்கு நேரே கொண்டுபோனார். இரண்டு சின்னத்துக்கும் நடுவே குத்தி ஓட்டைச் செல்லாததாக்கிவிடலாமா என்றும் நினைத்தார். “ஏனுங்க, இன்னும் ஆகலீங்களா?” என்று வெளியே வாத்தியார் குரல் கொடுத்தார். மீரா சாகிப் எப்போதும் குத்துகிற சின்னத்தின் மேலேயே குத்தினார். வேறு எங்கே குத்துவது? இனி அந்த வீட்டுக்கும் அவருக்கும் இருந்த பிடி அது ஒன்றுதான். அதையும் விட அவருக்கு மனம் வரவில்லை.

வெளியே வந்தவர் கால் போன போக்கில் நாச்சிமுத்துவின் மேஜை முன்னால் போய் நின்றார். நாச்சிமுத்து ஏறிட்டுப் பார்த்தார், விரல் மையைப் பார்த்தார், பட்டியலில் மீரா சாகிப் பேரைத் தேடிப் பிடித்தார். பக்கத்தில் இருந்தவரிடம், “அவனுகளுக்கு ஒண்ணு போட்டுக்குங்க” என்று சொல்லிப் பேருக்கு நேரே சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டார்.

மீரா சாகிப் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியதை முன்னமே சொல்லியாகிவிட்டது.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பாய்” என்றார் நாச்சிமுத்து. “பின்னால நம்ம ஆளுக வர்றாங்க.”

மீரா சாகிப் தள்ளி நின்று வழி விட்டார்.