அசையாத நூற்று எழுபத்து நான்கு இறாத்தல்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தவக்காலம். ஊர்காவற்றுறைப் பக்கம், நாரந்தனைக்குக் கிட்டக் கடலோரமாக இருக்கும் ஒரு சின்னக் கிராமம் எங்களுடையது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, கடையை மூடிவிட்டதால் ஊருக்குத் திரும்பியிருந்தேன். போகும்போது ஒல்லியாகப் போனவன், திரும்பி வரும்போது நூற்றுத் தொண்ணூற்றிரண்டு இறாத்தல், கிலோவில் எண்பத்தேழு. பஸ்ஸால் இறங்கிய என்னை என் சொந்த அக்காவே ஒரு நிமிடம் யாரோ என்றுதான் பார்த்தாள்.

எங்கள் ஊரில் பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் பாடுகளை நாடகமாக நடிப்பார்கள். மேடை கிடையாது. கோயிலைச் சுற்றி வீதியிலேயே சிலுவையைச் சுமந்துகொண்டு, பாடிப் பாடிப் போவது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் சனம் வரும். ஆண்டவர் வேடம் கிடைப்பது சின்ன விசயமில்லை. அந்த வேடம் எடுத்தவன் பெரிய வெள்ளி முடியும்வரை குடிக்கக்கூடாது, பொய் சொல்லக்கூடாது, யாரோடும் சண்டை பிடிக்கக்கூடாது. ஊர் முழுக்க அவனையே கவனித்துக்கொண்டிருக்கும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல குரல். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தை மாதம் நாடகத்துக்கு ஆள் தெரிவு செய்தபோது நான் ஒரு பாட்டுப் பாடிக் காட்டினேன். நாடகம் பழக்குகிற அண்ணாவியார் கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குரல் ஆண்டவற்ற குரல்தான். ஆனா வயிறு? அந்த அஞ்சு அப்பத்தையும் ரெண்டு மீனையும் சனத்துக்குக் குடுக்காமத் தானே சாப்பிட்ட ஆண்டவர் எண்டெல்லோ சிரிப்பினம்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் காது சுட்டது. கடைசியில் அவர் ஒரு நிபந்தனையோடு வேடத்தைத் தந்தார். குருத்தோலை ஞாயிறுக்குள் நான் நூற்று அறுபது இறாத்தலுக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேடம் வேறு ஆளுக்கு.

அன்றிரவே சோற்றை விட்டேன். காலையில் சீனி போடாத வெறுந்தேநீர், மத்தியானம் அளவாகக் குரக்கன் பிட்டும் தேங்காய்ப்பால் விடாத மீன் சொதியும், பொழுதுபட ஒரு சிரட்டை கூழ். அவ்வளவுதான். விடியற்காலையில் ஊர்காவற்றுறை இறங்குதுறை வரை வேகமாக நடந்து திரும்புவேன். ஒரு வேலையும் இல்லாமல் ஒருவன் சும்மா நடப்பதை எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை. "என்ன தம்பி, அங்க ஏதும் துலைச்சிட்டியளோ?" என்று கேட்காத ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும், கடற்கரையில் மீன் வாங்கி விற்கிற கொட்டிலான மீன் வாடியில் என்னை நிறுப்பார்கள். மீன் நிறுக்கிற தூக்குத் தராசுதான். கொழுக்கியில் ஒரு சாக்கைக் கட்டி, அதற்குள் நான் குந்தியிருக்க வேண்டும். வாடிக்காரர் முள்ளைப் பார்த்து ஏலம் கூறுகிற குரலில் எடையைச் சொல்வார். சுற்றி நிற்கிற சனம் கை தட்டும். நூற்று எண்பத்தேழு, நூற்று எண்பத்திரண்டு, நூற்று எழுபத்தெட்டு என்று இறங்கிக்கொண்டே போனது. மாசி முடியும்போது நூற்று எழுபத்து நான்கு.

அந்த நேரத்தில்தான் அத்தான் ஒரு யோசனை சொன்னார். அக்காவின் கணவர் அவர், கடல் தொழில் செய்கிறவர். "சும்மா நடக்கிற காலை என்ர மீனோட நடக்க விடன்" என்றார். எங்கள் பக்கம் கடல் ஆழமில்லை. வள்ளம் கரைவரை வராது. தூரத்தில் நிற்கும் வள்ளத்துக்கு முழங்கால் தண்ணீரில் நடந்து போய், மீனைக் காவுதடியில் கொண்டுவர வேண்டும். தோளில் ஒரு தடி, தடியின் இரண்டு நுனியிலும் பாரமான கூடை. கீழே சேறு காலைப் பிடித்து இழுக்கும். முதல் நாள் நான் இரண்டு தரம் விழுந்தேன். மூன்றாம் வாரம் அத்தானை முந்திக்கொண்டு நடந்தேன்.

ஆனால் காவு தூக்கத் தொடங்கிய முதல் ஞாயிறே தராசில் மறுபடியும் நூற்று எழுபத்து நான்கு. அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். வாடிக்காரர் தராசை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார். முள் அசையவில்லை. நான் கூழையும் பாதியாக்கினேன். இரண்டு நடைக்குப் பதில் நாலு நடை காவு தூக்கினேன். மூன்றாம் ஞாயிறும் நூற்று எழுபத்து நான்கு. கை தட்டிய சனம் இப்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

பட்டினி கிடப்பதைவிடக் கொடுமையான ஒன்று இருக்கிறது. பட்டினி கிடக்கிறவனை, களவாகச் சாப்பிடுகிறான் என்று சொல்வது.

அந்தக் கதை நல்ல தண்ணீர்க் கிணற்றடியில்தான் தொடங்கியது. ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு அந்த ஒரு கிணறுதான் என்பதால் பெண்கள் எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். "பகலில ஊருக்குக் காட்ட விரதம், பொழுதுபட்டா அக்காக்காரி குசினிக்குள்ள வச்சுச் சோறு தீத்துறா" என்று யாரோ சொல்ல, அது வாய்க்கு வாய் போய்விட்டது. அக்கா குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் அவள் பாதிக் குடம் தண்ணீரோடு திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை, நான் என்ன சாப்பிட்டேன் என்பது அவளுக்குத்தானே தெரியும்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. ஐந்தாவது முறையாக நூற்று எழுபத்து நான்கு. சாக்கிலிருந்து நான் இறங்குமுன்பே அண்ணாவியார் சொல்லிவிட்டார்.

"நிறை குறையேல்லை எண்டது பெரிசில்லை. பொய் சொன்னவனுக்கு இந்த வேசம் இல்லை."

"நான் பொய் சொல்லேல்லை" என்றேன்.

"அப்ப தராசே பொய் சொல்லுது?"

அந்தக் கேள்விதான் என்னை இன்னும் எரித்தது. வேடம் ஊர்த் தையற்காரருக்குப் போனது. எங்கள் நாடகத்துக்கு உடுப்புத் தைப்பவர் அவர்தான். என்னைவிட மூன்று நாலு வயது மூத்தவர், ஈர்க்கிலைப் போல உடம்பு. எனக்கு ஒரு வசனமும் இல்லாத வேடம். ஆண்டவர் சிலுவையோடு தளரும்போது, வழியில் போகிற ஒருவனைப் படைவீரர் பிடித்து அதைத் தூக்க வைப்பார்களே, அந்த வழிப்போக்கன். கொஞ்சத் தூரம் தூக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூன்று மாதம் எல்லாப் பாட்டையும் பாடமாக்கியவனுக்கு வாய் திறக்க வேலையில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியை அடுக்கினேன். அக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

"போ. நீ போனா, களவாத் திண்டது உண்மை எண்டுதான் சனம் சொல்லும். நான்தான் தந்தனான் எண்டும் சொல்லும். நீ கொழும்பில இருப்பாய். நான் இஞ்சைதான் தண்ணி அள்ள வேணும்."

பெட்டியைத் திறந்து சாரத்தை வெளியே எடுத்துப் போட்டேன். போகவில்லை. அதைவிட ஒன்று செய்தேன். இனி என்னை நிறுக்கப் போவதும் இல்லை, வேடமும் இல்லை. ஆனாலும் சாப்பாட்டில் ஒரு பிடி கூட்டவில்லை, காவு தூக்குவதையும் விடவில்லை. அத்தானுக்குக்கூட அது விசராகத்தான் தெரிந்திருக்கும். யாருக்குக் காட்டுவதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கே காட்டுவதற்கு என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

பெரிய வெள்ளி காலை பத்து மணி. சித்திரை வெயில் மணலில் தெறித்தது. வழக்கமாக வருகிற சிலுவை பலகையில் பெட்டி மாதிரி அடித்தது, உள்ளே வெறுமை. அந்த வருடம் ஒரு தச்சர் தன் நேர்த்திக்கடனுக்காக வைரம் பாய்ந்த பனையில் புதிதாக ஒன்று செய்து அன்று காலைதான் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அதை நாலு பேர் சேர்ந்து இறக்கியதை எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் தூக்கி நடக்கப்போகிறாரே என்று யாரும் யோசிக்கவில்லை.

தையற்காரர் அதைத் தோளில் வாங்கினார். நாற்பது அடி நடந்திருப்பார். முதல் தரம் விழ வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே விழுந்தார். சிலுவை அவர் முதுகின்மேல் கிடந்தது. சனம் ஓவென்று அழுதது, அப்படி ஒரு நடிப்பு! படைவீரர் சவுக்கை ஓங்கினார்கள். அவர் எழும்பவில்லை. பக்கத்தில் சனத்தோடு நின்ற எனக்கு மட்டும் அவருடைய முகம் தெரிந்தது. உதடு வெளுத்துப் போயிருந்தது.

"என்னால ஏலாது" என்றார். பாட்டு இல்லை அது, வசனமும் இல்லை.

இரண்டு படைவீரர் குனிந்து இழுத்துப் பார்த்தார்கள். சிலுவை ஒரு பக்கம் எழும்பி மறுபடியும் அவர்மேலேயே சரிந்தது. என்னுடைய இடம் வர இன்னும் நேரமிருந்தது. நான் காத்திருக்கவில்லை. உள்ளே போய், காவுதடிக்குத் தோள் கொடுப்பதுபோல முழங்காலை மடித்து, மூச்சைப் பிடித்து எழும்பினேன். எழும்பியது! எனக்கே நம்ப முடியவில்லை. மூன்று மாதத்துக்கு முன் வீட்டு வாசல் படலை வரை நடந்தால் இளைத்தவன், அந்தப் பனை மரத்தை ஒற்றைத் தோளில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தையற்காரரையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன்.

கொஞ்சத் தூரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவர் செத்துவிடுவார். கோயிலைச் சுற்றி முழு வீதியும் நானே சுமந்தேன். அவர் என் பக்கத்தில் சிலுவையைத் தொட்டபடி தள்ளாடி வந்தார். பிறகு அவருடைய பாட்டு வந்தது. அவர் வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. நான் தலையைக் குனிந்து, சிலுவை மறைவிலிருந்து பாடத் தொடங்கினேன். மூச்சு ஒரு இடத்திலும் முட்டவில்லை. தூரத்தில் நின்ற சனம் ஆண்டவர்தான் பாடுகிறார் என்று நினைத்து நெஞ்சிலடித்து அழுதது. கூட நடந்த அண்ணாவியாருக்கு மட்டும் தெரியும். அவர் கையிலிருந்த பாட்டுக் கொப்பியை மூடிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து, கோயில் பின்பக்க வேப்பமர நிழலில் தையற்காரரைக் கிடத்தி இளநீர் கொடுத்தார்கள். கொஞ்சம் தெளிந்ததும் அவர் எழும்பி உட்கார்ந்தார். தான் போட்டிருந்த அங்கியின் இடுப்புப் பக்கத்தைத் திருப்பி அண்ணாவியாருக்குக் காட்டினார். உள்ளே பழைய தையல் தடங்கள் இருந்தன. என்னைக் காட்டிச் சொன்னார்.

"இது இவருக்கு அளவெடுத்துத் தைச்சது. மாசியில ஒருக்கா இடுப்பைப் பிடிச்சுத் தைச்சனான். பிறகு, நிறை குறையேல்லை எண்டு நீங்கள் சொன்ன நேரத்திலயும் ஒருக்கா ரெண்டங்குலம் பிடிச்சனான். இவர் இளைச்சுக்கொண்டுதான் வந்தவர். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?" என்று அண்ணாவியார் கேட்டார்.

தையற்காரர் குனிந்தபடி அங்கியின் மடிப்பைத் திருப்பி விட்டார். "எனக்கும் இந்த வேசத்தில ஆசை" என்றார்.

நான் நல்ல மனிதன் என்று காட்டிக்கொள்ள விரும்பவில்லை. அந்த இடத்திலேயே அவரை மன்னித்துக் கட்டிப்பிடித்தேன் என்று எழுதினால் அது பொய். இரண்டு மாதம் அவரோடு நான் கதைக்கவில்லை. ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் அதைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்பது பிறகு எனக்கு விளங்கியது. இப்போதும் கடிதம் எழுதிக்கொள்கிறோம்.

உயிர்ப்பு ஞாயிறு பின்னேரம் அண்ணாவியார் எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றார். என்னிடம் பேச வந்தார் என்று நினைத்தேன். அவர் அக்காவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, பிழை விட்டிட்டன். உன்ர தம்பி களவாத் தின்னேல்லை. நீயும் குடுக்கேல்லை."

அக்கா அவரை உள்ளே வரச் சொல்லிக் கதிரை போட்டாள், தேநீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். பிறகு மரியாதையாக, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"நீங்கள் சொன்னது எனக்குச் சந்தோசம் அண்ணை. ஆனா இதை இஞ்ச சொல்லிப் பிரயோசனமில்லை. கிணத்தடியில வந்து சொல்லுங்கோ. அங்கதான் என்னைக் கதைச்சவை."

ஊரில் அவரிடம் அப்படிப் பேசியவர்கள் இல்லை. அவர் "ஓம்" என்று ஒற்றைச் சொல் சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

அடுத்த நாள் காலை, குடங்களோடு பெண்கள் கூடியிருந்த நேரம், அவர் சால்வையைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடி கிணற்றடிக்கு வந்து அதையே சொன்னார். ஒரு சொல் குறைக்கவில்லை. அக்கா கேட்டு முடித்தாள், குடத்தை நிரப்பினாள், இடுப்பில் வைத்துக்கொண்டு யாரையும் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். அந்த நடையைப் பார்க்கக் கொடுத்துவைத்தேன்.

தராசு ஏன் அசையவில்லை என்று பல வருடங்களுக்குப் பிறகு ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். குறைந்த சாப்பாட்டுக்கு உடம்பு பழகிக்கொண்டு அதற்குள்ளேயே சமாளிக்கப் பார்க்குமாம். போதாததற்கு, ஒரு பக்கம் கொழுப்புக் கரைய, மறுபக்கம் சேற்றில் பாரம் தூக்கித் தூக்கித் தசை வைத்திருக்கும் என்றார். எடை நின்ற அந்த வாரம்தான் நான் காவுதடியைத் தோளில் எடுத்தேன். எங்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஆனி மாதத்துக்குப் பிறகு எடை தானாகவே மறுபடியும் இறங்கி, நூற்று அறுபத்து மூன்றில் வந்து நின்றது. நூற்று அறுபதை நான் வாழ்க்கையில் கண்டதே இல்லை.

அதில் எனக்குக் கவலையும் இல்லை. முள் அசையாமல் நின்ற அந்த ஐந்து வாரமும் ஒரு நாள்கூட விடாமல் நான் கடலில் இறங்கினேன். என் ஆயுளில் நான் சொன்ன எதையும் யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும், அந்த ஐந்து வாரத்தை நினைத்தால் இன்றும் என் தலை தானாக நிமிரும்.