கம்மிதான், சரசு

ஆதிமூலத்தின் முகத்தைப் பார்த்து எவரும் எதையும் கண்டுபிடித்ததில்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையும் அணிந்து முப்பத்தோரு வருஷம் டபேதாராக நின்ற மனிதர் அவர். உள்ளே அதிகாரி யாரையாவது வறுத்தெடுத்துக்கொண்டிருப்பார். வெளியே மனுவோடு நிற்கிற ஜனம், நல்ல நேரமா கெட்ட நேரமா என்று டபேதாரின் முகத்தில் தேடும். ஒன்றும் கிடைக்காது. அவருக்கு அதில் கொஞ்சம் கர்வமே உண்டு. "டபேதார் மூஞ்சி பேசக் கூடாது சரசு. பேசுச்சுன்னா மரியாத போச்சு" என்பார்.

அந்த மூஞ்சியோடுதான் சரசு முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தினாள். குழம்பு பிடித்ததா இல்லையா என்பதைக்கூட அவர் தட்டைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். மகள் அபிநயாவைக் கல்யாணம் செய்து பெங்களூருக்கு அனுப்பிவைத்த அன்று மண்டபத்தில் எல்லாரும் அழுதார்கள். இவர் பந்தியில் மோர் வந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். "கல்லு, கல்லு" என்று சரசு தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை என்பதைப் பார்த்தவளும் அவள்தான்.

ஓய்வு பெற்று, வேங்கிக்காலில் இரண்டு அறை வீடு கட்டி, மாடியில் நின்றால் தீபம் ஏற்றுகிற மலை முழுசாகத் தெரிகிறது என்று சந்தோஷப்பட்ட இரண்டாவது வருஷம் புற்றுநோய் வந்தது. டாக்டர்கள் பார்த்தபோது எலும்புவரை போயிருந்தது. இனிமேல் ஊசியும் கரன்ட் வைத்தியமும் வேண்டாம், வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வலியில்லாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு நர்ஸ் வீடு தேடி வந்தாள். தேவிப்ரியா என்று பேர். ஸ்கூட்டரில் வருவாள், முதலில் ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பாள், பிறகுதான் பேச்சு. அவள் கொண்டுவந்ததுதான் மார்ஃபின் மாத்திரை. சின்ன வெள்ளை மாத்திரை, பார்த்தால் ஒன்றுமில்லாதது போல இருக்கும்.

"அம்மா, இது வலி வந்தப்புறம் போடற மாத்திரை இல்ல. வலி வராம இருக்கறதுக்குப் போடறது. காலையில ஆறு, பத்து, ரெண்டு, சாயந்திரம் ஆறு, படுக்கப் போறப்ப ரெண்டா சேத்து. நேரம் தவறக் கூடாது. தவறிப் போச்சுன்னா போனது போனதுதான், அடுத்த வேளைக்குச் சேத்துப் போடக் கூடாது. எதுன்னாலும் எனக்குப் போன் பண்ணுங்க. பீரோல வச்சுப் பூட்டுங்க. வேற யாருக்கும் ஒண்ணுகூடக் குடுக்காதீங்க."

வேறு யாருக்கு என்று சரசு சிரித்தாள். அடுத்த வாரமே ஆதிமூலத்தின் தம்பி முருகவேல் வந்து, "அண்ணி, எனக்கும் முட்டி வலி உயிரப் போக்குது, அதுல ஒண்ணு குடேன்" என்று கை நீட்டினான். பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவனுக்குத் தைலம் எடுத்துக் கொடுத்தாள்.

தேவிப்ரியா நேரத்தையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி பீரோ கதவில் ஒட்டியிருந்தாள். சேர்த்துப் போடக் கூடாது என்பதை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தாள். மலச்சிக்கலுக்கு ஒரு மருந்தும் கொடுத்தாள். முதல் நாலு நாள் ஆதிமூலம் தூங்கி வழிந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார், ரசத்தில் உப்பு கம்மி என்றார். உப்பு கம்மி என்று அவர் வாய்விட்டுச் சொன்னதே அந்த வீட்டில் அதிசயம். சரசு அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு உப்பு எடுத்து வந்தாள்.

மாத்திரை போட்டதும் அவர் ஒரு வேலை செய்வார். தலையணைக்குப் பக்கத்தில் மஞ்சள் துணியில் தைத்த விபூதிப் பை இருக்கும். அதற்குள் விரல் விட்டு ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசி, மிச்சத்தை வாயில் போட்டுக்கொள்வார். "அவன் மருந்தும் உள்ள போவட்டும்" என்பார்.

இப்படியே மூன்று மாதம் நன்றாகப் போயிற்று. கார்த்திகை தீபம் வந்தது.

தீபத்தன்று ஆதிமூலம் விடியற்காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பார். சாயந்திரம் ஆறு மணிக்கு மலை உச்சியில் ஜோதி தெரிந்த பிறகுதான் வாயில் ஏதாவது. கல்யாணமானதில் இருந்து சரசுவும் அப்படித்தான். அன்று காலை ஆறு மணிக்கு மாத்திரையோடு வந்தவளைப் பார்த்து அவர் தலையை ஆட்டினார்.

"இன்னிக்கா?"

"நேரம் தவறக் கூடாதுன்னுச்சே அந்தப் பொண்ணு."

"மாத்திர சோத்துக்கு அப்புறம்தான சரசு? சோறே இல்லாதப்ப இன்னா மாத்திர?"

இதுதான் தப்பு. ஆனால் அந்த நேரத்தில் அது சரசுவுக்குத் தப்பாகவே படவில்லை. அவள் பிறந்ததில் இருந்து பார்த்த மாத்திரையெல்லாம் சாப்பாட்டுக்குப் பின்னால் வந்தவைதான். வெறும் வயிற்றில் போட்டால் குடலைப் புண்ணாக்கும் என்றுதான் அவளுக்குத் தெரியும். மார்ஃபினுக்குச் சோறு வேண்டியதில்லை என்று யாரும் தனியாகச் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக அந்தப் பெண்ணைப் போனில் தொந்தரவு பண்ணுவானேன் என்று வேறு நினைத்தாள். நினைத்துத் தொலைத்தாள்.

பத்து மணி வேளை போயிற்று. இரண்டு மணி வேளையும் போயிற்று. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "வலிக்குதாங்க?" என்றால், "கம்மிதான்" என்றார். சாயந்திரம் முருகவேல் அவரை நாற்காலியோடு மாடிக்குத் தூக்கிப்போனான். ஆறு மணிக்கு உச்சியில் சுடர் தெரிந்ததும் ஊரே அரோகரா என்றது. ஆதிமூலத்தின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்தியில் உருகுகிறார் என்று சரசுவும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கீழே வந்ததும் அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்த பிடியைப் பார்த்துத்தான் அவளுக்கு உறைத்தது. பதறிப் போய் பீரோவைத் திறந்தாள். விட்டுப்போன வேளைகள் மூன்று, ஆறு மணிக்கு உண்டானது ஒன்று. நாலையும் உள்ளங்கையில் கொட்டி அவர் வாயில் போட்டாள். சிவப்பு மை எழுத்து அவள் மூக்குக்கு நேரே இருந்தது. மூன்று மாதமாகத் தினம் பார்த்துப் பார்த்து அது கண்ணில் படாததாகிவிட்டிருந்தது.

ஒரு மணி நேரத்தில் அவர் தூங்கிவிட்டார். நல்ல தூக்கம். சரசு நிம்மதியாக அகல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றினாள். குறட்டை நின்று நின்று வந்தது. திரும்பி வந்து பார்த்தபோது உதடு கறுத்திருந்தது. தேவிப்ரியாவுக்குப் போன் போட்டாள்.

"பேர் சொல்லிக் கூப்பிடுங்க, கண்ணத் தொறக்குறாரா? உலுக்கிப் பாருங்க. மூச்ச எண்ணுங்கம்மா, நான் லைன்லயேதான் இருக்கேன்."

ஒரு நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. தேவிப்ரியா ஆம்புலன்சுக்குச் சொன்னாள். தீபத்தன்று ஊரில் சைக்கிள்கூட நகராது, ஆம்புலன்ஸ் எங்கே நகரும். முருகவேல் எதிர்வீட்டுக் காய்கறித் தள்ளுவண்டியில் அண்ணனைக் கிடத்தித் தள்ளிக்கொண்டு ஓடினான். சரசு பக்கத்திலேயே ஓடியபடி, "ஏங்க, ஏங்க" என்று கத்தி அவர் கன்னத்தில் தட்டிக்கொண்டே போனாள். கூட்டத்தில் யாரோ இதையும் வேண்டுதல் என்று நினைத்து வண்டிக்குக் கும்பிடு போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் மருந்தை முறிக்கிற ஊசி போட்டதும் மூச்சு திரும்பியது. மூச்சோடு வலியும் மொத்தமாகத் திரும்பியது. முப்பத்தாறு வருஷத்தில் முதல் முறையாக ஆதிமூலம் கத்தினார். மாத்திரை கொடுத்தது யார் என்று டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். "அண்ணிதான் சார்" என்றான் முருகவேல். சரசு தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "என் கையாலயே கொன்னிருப்பனே, இந்தக் கையாலயே கொன்னிருப்பனே" என்றாள். கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு தேவிப்ரியா இரண்டு பேரையும் உட்காரவைத்து முதலில் இருந்து சொன்னாள். "தப்பு மாத்திரை மேல இல்லம்மா. சரியான அளவு, சரியான நேரம், பயமே வேணா. பயந்துக்கினு நிறுத்தினீங்கன்னா ஐயா துடிப்பாரு. ஐயா, நீங்க வலிய மறைக்கக் கூடாது. பத்துக்கு எவ்ளோன்னு உண்மையச் சொல்லணும், அதவச்சுதான் டாக்டர் கூட்டிக் கொறைப்பாரு." அவர் தலையாட்டினார்.

சரசு ஒரு வேளைகூட நேரம் தவறவில்லை. போனில் அலாரம் வைத்தாள், அட்டையில் கோடு போட்டாள். கைதான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. மாத்திரையை எடுத்தாலே நடுங்கியது. ஒரு தரம் மாத்திரை கீழே விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. அதை விளக்குமாற்றால் தள்ளி எடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். "குடு இங்க" என்று அவர் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவரே அவள் கையிலிருந்து வாங்கி வாய்க்குக் கொண்டுபோய், தண்ணீர் குடித்து, விபூதிப் பைக்குள் விரல் விட்டு ஒரு சிட்டிகை எடுத்தார். இரவு மாத்திரையை மட்டும், "நீயே போடு" என்று வாயைத் திறப்பார்.

மார்கழி முழுக்க தேவிப்ரியா வாரம் ஒரு முறை வந்தாள். மீதி மாத்திரையை எண்ணினாள், சரியாக இருந்தது. "பத்துக்கு எவ்ளோ ஐயா?" என்றாள். "ரெண்டு இருக்கும்." முகத்தைப் பார்த்தாள். டபேதார் முகம். "வியர்க்குதே?" என்றாள். "போர்வ ஜாஸ்தி" என்றார். சரசு பின்னால் நின்று, "வலி கம்மிதாங்களா?" என்று இன்னொரு தரம் கேட்டாள். "கம்மிதான், சரசு." அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் அந்த மாதத்தைத் தள்ளினாள்.

போகிக்கு முந்தின நாள் மத்தியானம், அவள் நீராகாரம் எடுக்கப் போயிருந்த நேரத்தில் ஆதிமூலம் போய்விட்டார்.

குளிப்பாட்டினவர்கள் விபூதி கேட்டார்கள். அவருடையதையே பூசட்டும் என்று சரசு தலையணைப் பக்கம் இருந்த பையை எடுத்தாள். உள்ளே விரல் விட்டவளுக்குப் பொடிக்கல் போல ஏதோ தட்டுப்பட்டது. ஒன்றை எடுத்துப் பார்த்தாள். பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, சாமி படத்துக்கு முன்னால் இருந்த பொட்டலத்தைக் கொடுத்தனுப்பினாள். பெங்களூரில் இருந்து வந்து விழுந்து அழுத மகளிடம்கூட அவள் சொல்லவில்லை.

பதினேழாம் நாள் தேவிப்ரியா வந்தாள். மீதமான மார்ஃபினை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, திரும்ப வாங்கி எழுதிக்கொள்ள வேண்டும். சரசு மாத்திரைப் பட்டையை எடுத்துக் கொடுத்தாள். பன்னிரண்டு. அட்டையில் உள்ள கோட்டுக்குச் சரியாக இருந்தது. தேவிப்ரியா படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடும்போது சரசு ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து வைத்து, அதில் மஞ்சள் பையைக் கவிழ்த்தாள்.

சாம்பல் பூசிய மாத்திரைகள் தட்டில் உருண்டன. தேவிப்ரியாவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் பேனாவை மூடிக் கீழே வைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"நாப்பத்தொண்ணும்மா."

"தண்ணி குடிச்சதப் பாத்தேன், தொண்ட ஏறி எறங்கறதயும் பாத்தேன். கை எங்க போவுதுன்னு பாக்கல" என்றாள் சரசு. "இத்தன வேளையும் அவருக்கு வலிச்சுதா?"

பொய் சொல்ல தேவிப்ரியா வாயெடுத்தாள். வரவில்லை. "ஆமாம்மா."

"ராத்திரி தூங்கினாரே?"

"பகல்ல தெனம் ஒண்ணு ரெண்டு ஒதுக்கிட்டு, ராத்திரி மாத்திரய முழுங்கியிருக்காரும்மா. நீங்க தூங்கணுமேன்னு இருக்கும்." தேவிப்ரியா தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "நானும்தான் வாரா வாரம் கேட்டேன். ரெண்டுன்னாரு. வேர்வையப் பாத்தும் நம்பிட்டேன்."

"உன்ன சொல்லாத பாப்பா. என் கை நடுங்கறதப் பாத்தாரு. இன்னொரு தரம் இவ கையால ஏதாவது ஆச்சுன்னா இவ தாங்க மாட்டான்னு நெனச்சிட்டாரு. வலின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நடுங்குற கையோட எத்தன வேணா குடுத்திருப்பனே. கல்லு. நான் சொன்னா மாதிரியே கல்லாவே இருந்துட்டாரு."

தேவிப்ரியா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு தேவிப்ரியா மாத்திரைகளை ஒரு கவரில் போட்டாள். படிவத்தில் பன்னிரண்டை அடித்துவிட்டு ஐம்பத்து மூன்று என்று எழுதினாள். தட்டில் மிஞ்சிய சாம்பலை என்ன செய்வது என்று தெரியாமல் சரசுவைப் பார்த்தாள்.

சரசு அதை வலது உள்ளங்கையில் வழித்துக்கொண்டாள். ஒரு பொட்டுகூடக் கீழே சிந்தவில்லை. கையை நர்சின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாரு, இப்ப நடுங்கல" என்றாள். "இப்ப யாருக்குக் குடுக்கறது?"